சுண்ணாம்பு உள்ளே போனது, சுட்டவர் வெளியே நின்றார்

காரைக்கால் என்ற பெயருக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று இது: காரை என்றால் சுண்ணாம்புச் சாந்து, கால் என்றால் வாய்க்கால். விளக்கம் சரியோ தவறோ, ஊர்ப் பெயரிலேயே சுண்ணாம்பைப் பார்க்கிறார்கள். அதைச் சுட்டவர்களை யார் பார்த்தார்கள்?

டெல்டா வண்டல் மண் பூமி. சுண்ணாம்புக்கல் இங்கே வெட்ட முடியாது. கடற்கரையிலும் கழிமுகத்திலும் அள்ளிய கிளிஞ்சல்தான் மூலப்பொருள். கிளிஞ்சலையும் கரியையும் காளவாயில் அடுக்கடுக்காகப் போட்டு, ஏறத்தாழ 900 டிகிரி சூட்டில் சுட வேண்டும். வெந்ததில் தண்ணீர் தெளித்தால் கொதித்து, பொடியாக நீறும். அந்தத் தூள் பட்டால் தோல் வெந்துபோகும். கண்ணில் விழுந்தால் பார்வையே போகலாம்.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில், சுண்ணாம்பு சுட்ட பறையர், பரவர் முதலியோரைச் ‘சுண்ணாம்புக்காரன்’ என்ற தொழிற்பெயரில் பதிவு செய்திருக்கிறார். ஆளுக்குப் பெயர் இல்லை, தொழில்தான் பெயர்.

அவர்கள் சுட்ட சுண்ணாம்பு கோயில் மதிலில் ஏறியது. வெற்றிலையோடு ஆதிக்க சாதியின் வாய்க்குள்ளும் போனது. அது யார் கை பட்டது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஆனால் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம் மக்கள் கால் வைக்க 1939 வரை ஆனது. வேலை வாங்கும்போது காணாமல் போகிற தீட்டு, உரிமை கேட்கும்போது மட்டும் வந்து நிற்கிறது.

சிமெண்ட் வந்தது, காளவாய்கள் அணைந்தன. இன்று புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலக் கட்டடங்களைப் புதுப்பிக்க மறுபடியும் சுண்ணாம்பைத் தேடுகிறார்கள். பாரம்பரியம் என்கிறார்கள். அந்தப் பாரம்பரியத்தில் காளவாய்க்காரருக்கு இடம் உண்டா?

அயர்லாந்து கிராமங்களிலும் வயலுக்கும் சுவருக்கும் சுண்ணாம்பு சுட்டார்கள். 19ஆம் நூற்றாண்டு நில அளவை வரைபடங்களிலேயே அங்கே காளவாய்கள் குறிக்கப்பட்டுள்ளன. 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்டு, சுண்ணாம்பு சுட்டது உள்ளிட்ட பழைய தொழில்களை நோட்டில் எழுதினார்கள். அந்த நோட்டுகள் இன்று அந்த நாட்டின் ஆவணம்.

தோழர்களே, அதை நாமும் செய்யலாம். காளவாய் வேலை பார்த்த தாத்தாவோ ஆயாவோ உங்கள் தெருவில் இருக்கலாம். காளவாய் எங்கே இருந்தது, கிளிஞ்சல் யார் அள்ளினார்கள், கூலி பணமா நெல்லா, நிலம் யாருடையது என்று கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் பெயரோடு எழுதுங்கள். அந்தச் சூட்டுக்குள் நம் பிள்ளைகள் திரும்பப் போக வேண்டியதில்லை. ஆனால் அதில் வெந்த உழைப்புக்குக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை நாமே எழுதுவோம்.