“மொக்கு” என்று ஒதுக்குவதற்கு முன்

2011 இல் வன்னியில் நான் படிப்பித்த தரம் 4 வகுப்பில் ஒரு சிறுவன். கணக்கை வாயால் சொன்னால் உடனே விடை சொல்வான். அதையே கரும்பலகையில் எழுதினால் தலையைக் குனிந்துகொள்வான். “ரீச்சர், இவனுக்கு மூளை குறைவோ?” என்று தாய் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

மதிப்பீடு என்றதும் பலரும் நுண்ணறிவுச் சோதனையைத்தான் நினைக்கிறார்கள். அது கடைசியில் வரவேண்டியது. முதலில் கண்ணும் காதும். அருகில் ஷெல் வெடித்திருந்தால் கேட்கும் திறன் பாதிக்கப்பட்டிருக்கலாம். அடுத்தது பிள்ளையின் கதை: எத்தனை இடப்பெயர்வு, எத்தனை மாதம் பாடசாலை இல்லை, யாரை இழந்தது, இரவில் நித்திரை எப்படி. எழுத்துப் பழகவேண்டிய வயதில், 2008-2009 இல், பங்கருக்குள் இருந்த பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் அதைக் கற்றல் குறைபாடு என்று உடனே சொல்லமுடியாது. முதலில் படிப்பித்துப் பார்க்கவேண்டும்.

பாடசாலை முடிந்த பின் அவனுக்கு ‘அ’ வில் தொடங்கினேன். எட்டு மாதம் கழிந்தும் எழுத்துகள் சேர்ந்து சொல்லாகவில்லை. அதன் பிறகே உளவியலாளரிடம் அனுப்பினோம்.

உலகில் அதிகம் பயன்படும் வெக்ஸ்லர் சோதனையில் சராசரி 100. மூன்றில் இரண்டு பிள்ளைகள் 85 க்கும் 115 க்கும் இடையில் வருவார்கள். மொத்தப் புள்ளியை விட உட்பகுதிகளே எனக்கு முக்கியமாகப் பட்டன. கட்டைகளால் வடிவம் அமைப்பதில் அவன் கெட்டிக்காரன்; எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதில் தடுமாறினான். வாசிப்பு, எழுத்துக்கூட்டல் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தே டிஸ்லெக்சியா என்றார்கள்.

ஒரு எச்சரிக்கை. இச்சோதனைகளின் அளவுகோல்கள் வேறு நாட்டுப் பிள்ளைகளை வைத்து உருவானவை. ஆங்கில எண்களின் பெயர்கள் குறுகியவை; “ஒன்று, இரண்டு, மூன்று” சொல்ல நேரம் எடுக்கும், மனதில் இடமும் பிடிக்கும். எனவே மொழிபெயர்த்த சோதனையின் ஒற்றை இலக்கத்தை வைத்துப் பிள்ளைக்கு முத்திரை குத்த விடாதீர்கள். அறிக்கையில் “எப்படிப் படிப்பிக்கவேண்டும்” என்ற பகுதி இருக்கிறதா என்று கேளுங்கள். பரீட்சைத் திணைக்களத்திடம் மேலதிக நேரம் கோரவும் அந்த அறிக்கை தேவைப்படும். பாடசாலை ஊடாக, முன்கூட்டியே விண்ணப்பிக்கவேண்டும்.

2018 இல் அவன் சாதாரண தரம் எழுதினான். கணிதத்தில் திறமைச் சித்தி. தமிழில் மயிரிழையில் தப்பினான்.