வளையத்தில் தொங்கிய சாவி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில்தான் நான் வளர்ந்தேன். அப்பாவுக்கு மலேசிய ரயில்வேயான கேடிஎம்மில் சிக்னல் வேலை. வருஷத்தில் பாதி நாள் கிழக்குக்கரைப் பாதையில் ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் டியூட்டி இருக்கும். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப் போவார்.

அங்கே ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடாமல் காத்தது டோக்கன் பெட்டி. அப்பா மணியடிப்பார். அடுத்த ஸ்டேஷன்காரர் பதில் மணியடித்து, தன் பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் இங்கே, வண்டி கிளம்பத் தேவையான சாவி கழன்று வரும். ஒரு சாவி வெளியே போய்விட்டால், இரண்டு பெட்டியில் ஏதாவது ஒன்றில் அது திரும்ப நுழையும்வரை அடுத்த சாவி அசையாது. சாவியைத் தோல்பையில் போட்டு, பெரிய கம்பி வளையத்தில் மாட்டி, பிளாட்பார ஓரத்தில் நின்று உயர்த்திப் பிடிப்பார். வண்டியிலிருந்து ஒரு கை நீண்டு வளையத்தை அள்ளிக்கொண்டு போகும். "கேக்காம குடுக்காதுடா இந்தப் பெட்டி" என்பார் அப்பா, அதைத் தடவியபடியே.

எங்கள் வட்டாரமான சிலாங்கூருக்கு ரயில் வந்தது 1886-ல். கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரைதான் முதல் பாதை. 1890-ல் ஆற்றைத் தாண்டிக் கிள்ளானுக்குள் நுழைந்தது. பிறகு ரயில்வே ஆபீஸ்களிலும் ஸ்டேஷன்களிலும் யாழ்ப்பாணத்தார், தண்டவாளத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளர். பிரிக்பீல்ட்ஸ் இந்த இரு தரப்பையும் குடிவைத்த ஊர்.

1998 செப்டம்பரில் கோலாலம்பூரில் ஓட்டுநரே இல்லாத எல்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியது. அப்பாவோடு பங்சாரில் ஏறினேன். முன் கண்ணாடியை ஒட்டி நின்றவர் பாசார் செனி வரை பேசவில்லை. இறங்கியதும், "மெஷின் நின்னுபோனா சாவி யார் கையில?" என்றார்.

2021 மே 24 இரவு எனக்கு அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. அதே எல்ஆர்டி பாதையில், கேஎல்சிசி பக்கத்துச் சுரங்கத்தில், ஆள் கையால் ஓட்டிய காலி வண்டி ஒன்று 213 பயணிகளோடு வந்த வண்டியில் மோதியது. 47 பேருக்குப் பலத்த காயம், 166 பேருக்கு லேசான காயம். மெஷினைக் குறை சொன்னவர்கள் உண்டு, ஆளைக் குறை சொன்னவர்கள் உண்டு. மெஷின் கையிலிருந்து ஆள் கைக்கு வண்டி மாறும் அந்த இடத்தில்தான் ஒரு சாவி வேண்டியிருந்தது என்று எனக்குப் படுகிறது.

அந்தச் சாவிக் கேள்வி என் வேலையிலும் வந்தது. நான் சைபர்ஜெயாவில் சர்வர்களை அமைக்கும் வேலை பார்க்கிறேன். ஒரு காலத்தில் ஒவ்வொன்றுக்கும் தாளில் எழுதிய பட்டியலைப் பார்த்துக் கையாலேயே எல்லாம் செய்வோம். 1993-ல் ஆஸ்லோவில் மார்க் பர்ஜெஸ் எழுதிய சிஎஃப்எஞ்சின் அதை மாற்றியது. சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தால் போதும். விலகிப் போனதைக் கருவியே சரிசெய்துவிடும். 2005-ல் பப்பெட், 2012-ல் ஆன்சிபிள் என்று அந்த வரிசை நீண்டது. நூறு சர்வரை ஒரு காலை நேரத்தில் எழுப்பிவிடலாம். இதை விட்டுவிட்டுப் பழைய தாளுக்குத் திரும்பச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆனால் ஓர் இரவு, ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் சர்வரைப் புதுசு என்று எடுத்துக்கொண்டு எங்கள் கருவி டிஸ்க்கை அழித்தது. பட்டியலில் ஒரு பெயரைத் தப்பாக எழுதியது நான்தான். கருவி என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி நானும் அதற்கு எழுதவில்லை. பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுக்க விடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு பேக்கேஜ் போடுவது, யூசர் சேர்ப்பது, ஃபயர்வால் எல்லாம் கருவியின் பாடு. டிஸ்க்கை அழிக்கும் இடம் வந்தால் மட்டும் நின்றுவிடும். நான் ஒரு பக்கமும், கிள்ளான் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் தம்பி மறுபக்கமும் சரி கொடுத்தால்தான் நகரும். நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு அவனுடைய போன்: "அண்ணே, ஏழாவது சர்வர்தானே? பேரைப் படிங்க, நானும் படிக்கிறேன்."