ஆத்துல போட்டு குளத்துல எடுக்கிற கணக்கு

நம்ம விருத்தாசலத்துக்குப் பழைய பெயர் திருமுதுகுன்றம். இங்கே பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்கிறது பெரிய புராணம். ஒரு எக்செல் கோப்பில் எண்ணைப் போட்டு, இன்னொரு கோப்பில் அதை எடுக்கிறவங்க தினமும் செய்யறது இதைத்தான்.

1979-ல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் கொண்டுவந்த விசிகால்க்கில் ஒரு எண்ணை மாத்தினா, அதைச் சார்ந்த மொத்தமும் தானே மாறும். ஆனா எல்லாம் ஒரே தாளுக்குள்ள. 1982-ல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் மல்டிபிளான், வேறொரு கோப்பிலிருக்கும் எண்ணையும் இழுத்துக்கொள்ள வழி செய்தது. 1985-ல் மேக்கின்டாஷுக்கும் 1987-ல் விண்டோஸுக்கும் வந்த எக்செல் மூலமா அந்த வழக்கம் நம்ம ஊர்ப் பட்டறை வரைக்கும் வந்துடுச்சு.

இப்படி இணைக்கும் ஃபார்முலாவில் மூலக் கோப்பின் பெயரும், அது இருக்கிற ஃபோல்டரும் பதிவாகும். கடைசியா வந்த எண்ணையும் எக்செல் தன்கிட்டயே வச்சுக்கும். மூலக் கோப்பைத் திறக்காமலே விடை தெரியறது அதனாலதான். சிக்கலும் அங்கேதான். கோப்பை இடம் மாத்தினாலும் பழைய எண் அப்படியே நிக்கும். பிழைன்னு காட்டினா கவனிப்போம். ஒழுங்கா நிக்கிற எண்ணை யார் சந்தேகப்படுவாங்க?

நான் ஒரு பீங்கான் பட்டறையில் கணக்கு பார்த்தப்போ, களிமண், கிளேஸ் விலைகள் ஒரு கோப்பில். பொம்மையின் அடக்கவிலை இன்னொன்றில். விலைக் கோப்பை வேறு ஃபோல்டருக்கு மாத்தி, புது விலைகளைப் போட்டது நான்தான். 'இணைப்பைப் புதுப்பிக்கவா?'ன்னு எக்செல் கேட்டப்போ, பழக்கத்துல வேண்டாம்னு அழுத்தினதும் நான்தான். கொலு ஆர்டருக்குப் பழைய விலையிலேயே கொட்டேஷன் போயிடுச்சு. சூளையிலிருந்து சரக்கு இறங்கின பிறகுதான் தெரிஞ்சது, ஒவ்வொரு பொம்மைக்கும் கையிலிருந்து போட்டிருக்கோம். முதலாளி ஒண்ணும் சொல்லல. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்தது.

சரிசெய்யறது சுலபம். டேட்டா பகுதியில் இணைப்புகளைக் காட்டும் இடத்துக்குப் போய், 'சேஞ்ச் சோர்ஸ்' கொடுத்து, கோப்பு இப்போ இருக்கிற இடத்தைக் காட்டணும். சம்இஃப் மாதிரி சில ஃபார்முலாக்கள் மூலக் கோப்பு மூடியிருக்கும்போது புதுப்பிச்சா 'வேல்யூ' பிழை காட்டும். அந்தக் கோப்பைத் திறந்தா சரியாகும். அது பரவாயில்லை, சத்தம் போட்டுச் சொல்லிடுது.

சுந்தரர் பொன்னை ஆற்றில் போடறதுக்கு முன்னாடி ஒரு துண்டை மச்சமா வெட்டி வச்சுக்கிட்டார். குளத்தில் எடுத்ததை அதோட ஒப்பிட்டப்போ மாற்றுக் குறைவா இருந்தது தெரிஞ்சது. என் அடக்கவிலைக் கோப்பிலும் இப்போ ஒரு மச்சம் இருக்கு: விலைக் கோப்பைத் திறந்து பார்த்து, களிமண் விலையைக் கையால அடிக்கிற ஒரு கட்டம். அதுவும் இணைப்புல வந்த விலையும் ஒத்துப்போனாத்தான் கொட்டேஷன் வெளியே போகும்.