பறக்கும் தட்டும் பறிபோன நாற்காலியும்

சின்ன வயசுல ஸ்டாம்ப் சேர்த்தவங்க எல்லாம் கை தூக்குங்க பார்ப்போம். ஐம்பது ஸ்டாம்ப் ஒரு பாக்கெட்னு கடையில தொங்குமே, ஞாபகம் இருக்கா? அப்படி ஒரு பாக்கெட்டில் எனக்கு ஒரு கிரெனடா ஸ்டாம்ப் கிடைச்சது. அதுல பறக்கும் தட்டு! ஏதோ சினிமாவுக்காகப் போட்டதுன்னு நினைச்சு ஆல்பத்தில் ஒட்டி வச்சேன். அது அந்த நாட்டுப் பிரதமரோட வெளியுறவுக் கொள்கைன்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது :-)

கிரெனடா கரீபியன் கடலில் இருக்கிற, ஜாதிக்காய்க்குப் பேர் போன ஒரு குட்டி நாடு. அப்போ அங்கே ஜனத்தொகை ஒரு லட்சம் இருந்தாலே அதிகம். 1951ல் தோட்டத் தொழிலாளிகளைத் திரட்டிப் பெரிய வேலைநிறுத்தம் நடத்தி, கூலியை உயர்த்த வச்சவர் எரிக் கெய்ரி. 1974 பிப்ரவரி 7ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை கிடைச்சப்போ அவரேதான் முதல் பிரதமர்.

1977ல் ஐ.நா. பொதுச்சபையில் கெய்ரி ஒரு கோரிக்கை வைத்தார். பறக்கும் தட்டுகளை ஆராய ஐ.நா.வில் தனி அமைப்பு வேணுமாம். தானே ஒண்ணைப் பார்த்திருக்கேன்னும் சொன்னார். அடுத்த வருஷம்தான் அந்த ஸ்டாம்ப் வந்தது. 1978 நவம்பரில் ஐ.நா. குழு முன்னாடி பேச வானியலாளர் ஆலன் ஹைனெக்கையும் ழாக் வாலேயையும் கூட்டிட்டு வந்தார்.

இந்த ஹைனெக் யாருங்கிறீங்களா? அமெரிக்க விமானப்படையின் ஆலோசகர். 1966ல் மிச்சிகனில் நிறைய பேர் விசித்திர வெளிச்சம் பார்த்தோம்னு சொன்னப்போ, "சதுப்பு நில வாயுவா இருக்கலாம்"னு சொல்லி ஊரார்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவர். அந்த மாநிலத்து எம்.பி. ஒருத்தர் கோபப்பட்டு, நாடாளுமன்ற விசாரணை வேணும்னு கேட்டார். அவர் பேர் ஜெரால்ட் ஃபோர்ட். ஆமா, பின்னாடி ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். அவரைத் தோற்கடிச்ச ஜிம்மி கார்ட்டரோ, 1969ல் ஜார்ஜியாவில் வானத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததா 1973ல் எழுதியே கொடுத்தவர். 1976 தேர்தலில், அரசு கையில் இருக்கிற தகவலை வெளியிடுவேன்னு சொன்னார். பதவிக்கு வந்ததும், தேசப் பாதுகாப்புன்னு பின்வாங்கிட்டார். நாசாகிட்ட புது விசாரணை நடத்த முடியுமான்னு கேட்டுப் பார்த்தாங்க. 1977 கடைசியில் நாசாவும் கையை விரிச்சிடுச்சு.

ஆக, தட்டு பத்திப் பேசினது கெய்ரி மட்டும் இல்லை. ஆனா உலகம் கோமாளி ஆக்கினது அவரைத்தான். ஏன்? வல்லரசுத் தலைவர் பேசினா அது ஆர்வம். ஜாதிக்காய் தீவுக்காரர் பேசினா அது கிறுக்கு. 1978 டிசம்பரில் ஐ.நா. எடுத்த முடிவு என்ன தெரியுமா? விருப்பப்பட்ட நாடுகள் அவங்கவங்களே ஆராய்ஞ்சு, பொதுச்செயலாளருக்குத் தகவல் சொல்லலாம். "ஆகட்டும் பார்க்கலாம்"ங்கிறதை ராஜதந்திர மொழியில் இப்படித்தான் சொல்வாங்க போல.

அட, பாவம்யா மனுஷன்னு நானும் ரொம்ப நாள் நினைச்சேன். அப்புறம்தான் மீதிக் கதையைப் படிச்சேன்.

எதிர்த்துப் பேசினவங்களை அடிக்க கெய்ரிகிட்ட ஒரு அடியாள் படை இருந்தது. ஜனங்க அதுக்கு வச்ச பேர் கீரிப்பிள்ளைக் கும்பல். 1973 நவம்பரில் எதிர்க்கட்சித் தலைவர் மாரிஸ் பிஷப்பையும் தோழர்களையும் ரத்தம் வர அடிச்சாங்க. விடுதலைக்கு 17 நாள் முன்னாடி, போராட்டத்தில் நின்ன பிஷப்போட அப்பாவைப் போலீஸ் சுட்டுக் கொன்னது. 1975ல் ஒரு சட்டம் போட்டாங்க. பத்திரிகை நடத்தணும்னா பெருந்தொகை டெபாசிட் கட்டணுமாம். எதிர்க்கட்சிப் பத்திரிகையால அதைக் கட்ட முடியலை.

இதுதான் எனக்கு உறைச்சது. வானத்தைப் பத்தின உண்மையை எல்லா அரசுகளும் பகிர்ந்துக்கணும்னு ஐ.நா.வில் கேட்டவர், சொந்த ஊரில் அச்சகத்துக்குப் பூட்டு போட்டார். வெளியாட்கள் தட்டைப் பார்த்துச் சிரிச்சாங்களே தவிர, தடியை யாரும் கவனிக்கலை.

1979 மார்ச் 13, கெய்ரி அமெரிக்காவில் இருந்த நேரம், பிஷப்போட ஆட்கள் ஆட்சியைப் பிடிச்சாங்க. தட்டைத் தேடிப் போனவர் நாற்காலியைத் தொலைச்சார்னு இன்னிக்கும் கேலி பேசுறாங்க. வந்தவங்களும் அதே வருஷம் ஒரு பத்திரிகையை மூடினாங்க. தேர்தலும் நடத்தலை. 1983 அக்டோபரில் பிஷப்பை அவரோட சொந்தக் கட்சிக்காரங்களே சுட்டுக் கொன்னாங்க. ஒரு வாரத்துக்குள்ள அமெரிக்கப் படை வந்து இறங்கியது.

2023 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் மறுபடி ஒரு தட்டு விசாரணை நடந்தது. "அரசு எதையோ மறைக்குது" - அதே குரல். கேட்க வேண்டிய கேள்விதான், நான் மறுக்கலை. அதை மேலே பார்த்து மட்டும் கேட்காம, கொஞ்சம் கீழேயும் பார்த்துக் கேட்டா நல்லது.

அந்த ஸ்டாம்ப் இன்னும் என்கிட்ட இருக்கு. முன்ன மாதிரி சிரிப்புதான் வர மாட்டேங்குது.