யூத்மேப்பர்ஸ் தலைமைப் பயிற்சி

யூத்மேப்பர்ஸ் என்பது திறந்த வரைபடம் உருவாக்கும் பல்கலைக்கழக மாணவர்களின் உலக அமைப்பு. தன் கிளைகளிலிருந்து தேர்ந்தெடுத்த மாணவர்களை ஒரு நாட்டில் கூட்டி, மக்களோடு சேர்ந்து வரைபடம் போடும் வேலையையும் அந்த வேலைக்குக் குழுவை நடத்தும் பாங்கையும் அது பழக்குகிறது. இந்தப் பயிற்சிக்குத் தலைமைப் பயிற்சி ஃபெலோஷிப் என்று பெயர், கலந்துகொள்பவர் ‘ஃபெலோ’. நேபாளத் தலைநகர் காத்மாண்டுவில் 2017-இல் இது நடந்தது, ருவாண்டாவிலும் நடந்திருக்கிறது. பயிற்சி முடிந்தவர் தம் கல்லூரிக்குத் திரும்பி அடுத்த அணிக்குக் கற்றுத்தர வேண்டும் என்பதே இதன் அடிப்படை ஏற்பாடு. வரைபடத்தை மட்டுமல்ல, வரைபவர்களையும் உருவாக்குகிறோம் என்று அமைப்பு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறது. அந்தச் சொல்லுக்குப் பொருள் இருப்பது இந்தப் பயிற்சியில்தான்.

பின்னணி

2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திட்டத்தைத் தொடங்கினார். பிரிட்டனில் அரசு நிறுவனம் எடுத்த வரைபடத் தரவைப் பயன்படுத்தப் பொதுமக்கள் பணம் கட்ட வேண்டியிருந்த காலம் அது. யாரும் வரையலாம், யாரும் திருத்தலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற விதியோடு பிறந்த அந்த வரைபடம் முதலில் மேற்கு ஐரோப்பிய நகரங்களில்தான் செழித்தது. சைக்கிளும் ஜிபிஎஸ் கருவியும் ஓய்வு நேரமும் உள்ளவர்கள் அங்கே அதிகம். உலகின் பெரும்பகுதி அதில் வெற்றிடமாகவே கிடந்தது.

அந்த வெற்றிடத்தை நிரப்புவதில் இரண்டு நிகழ்வுகள் வழிகாட்டின. கென்யாவின் நைரோபியில் உள்ள கிபேரா ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய குடிசைப் பகுதிகளுள் ஒன்று. 2009-இல் அங்குள்ள 13 சிற்றூர்ப் பிரிவுகளிலிருந்து இளைஞர்களைச் சேர்த்து, ஜிபிஎஸ் கருவியைக் கையில் கொடுத்து, அவர்களே தம் சந்துகளை நடந்து பதியும்படி செய்தது ‘மேப் கிபேரா’ திட்டம். தண்ணீர்க் குழாய், கழிப்பறை, பள்ளி, மருந்தகம், தேவாலயம் எல்லாம் முதன்முறையாகப் பொது வரைபடத்தில் ஏறின. அடுத்ததாக, 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியை நிலநடுக்கம் தாக்கியது. தலைநகர் போர்ட்டோபிரின்சுக்கு மீட்புப் படைகள் வந்திறங்கியபோது அவர்களிடம் பயன்படும் தெரு வரைபடம் இல்லை. உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சில வாரங்களுக்குள் நகரை வரைந்து முடித்தார்கள். அதே ஆண்டில் ‘ஹாட்’ என்ற மனிதநேய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழு முறையான அமைப்பாகப் பதிவானது. 2014-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கங்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஹாட்டும் சேர்ந்து ‘மிஸ்ஸிங் மேப்ஸ்’ திட்டத்தைத் தொடங்கின.

கிபேராவில் ஊர்க்காரர் வரைந்தார். ஹைட்டியில் தொலைவிலிருந்தவர் வரைந்தார். இந்த இரண்டு வழிகளையும் மாணவர்களைக் கொண்டு இணைக்கும் முயற்சியாக 2015-இல் யூத்மேப்பர்ஸ் தோன்றியது. டெக்சாஸ் டெக், ஜார்ஜ் வாஷிங்டன், மேற்கு வர்ஜீனியா ஆகிய மூன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதை நிறுவின. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமையான யுஎஸ்எய்டின் புவித்தகவல் மையம் துணைநின்றது. நிறுவனர்களுள் ஒருவரான பேராசிரியர் பட்ரீசியா சோலிஸ் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது அந்தப் பல்கலைக்கழகமும் இதில் பங்காளியானது. இன்று 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் 300-க்கும் மேற்பட்ட கிளைகள் உள்ளன.

காத்மாண்டு ஏன்

பயிற்சிக்கான இடங்களுள் காத்மாண்டு தனித்து நிற்கிறது. வகுப்பில் சொல்லித்தருவது உயிர் காத்த இடம் அது.

நேபாளத்தைச் சேர்ந்த நாம ராஜ் புதாதோகி அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்த பொருளே, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் மக்கள் ஏன் கூலி வாங்காமல் உழைக்கிறார்கள் என்பதுதான். நாடு திரும்பிய அவர் 2012-இல் தொடங்கிய உலக வங்கியின் ‘ஓப்பன் சிட்டீஸ்’ திட்டத்தில் காத்மாண்டு வேலையை நடத்தினார். பொறியியல் கல்லூரி மாணவர்களைக் கொண்டு காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் 2,256 பள்ளிகளையும் 350 மருத்துவ நிலையங்களையும் நேரில் போய்க் கணக்கெடுத்தார்கள். எத்தனை மாடி, செங்கலா கான்கிரீட்டா, எந்தக் காலத்துக் கட்டடம் என்பதுவரை குறித்தார்கள். நிலநடுக்கம் வந்தால் எது நிற்கும், எது சரியும் என்று முன்னதாகவே மதிப்பிடத்தான் இந்தக் கணக்கு. அந்த வேலையிலிருந்து 2013-இல் பிறந்ததுதான் காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற அமைப்பு.

2015 ஏப்ரல் 25 நண்பகலில் 7.8 அளவில் நிலம் ஆடியது. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். காத்மாண்டு லிவிங் லேப்ஸ் இளைஞர்கள் மீண்டும் மீண்டும் வந்த அதிர்வுகளுக்கு நடுவே வேலையைத் தொடங்கினார்கள். உலகெங்கும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் மலைக் கிராமங்களின் வீடுகளையும் பாதைகளையும் ஹெலிகாப்டர் இறங்கக்கூடிய வெளிகளையும் வரைந்தார்கள். எந்தப் பகுதியை முதலில் வரைய வேண்டும், எது உண்மையில் சாலை, எது ஒற்றையடிப் பாதை என்று சொன்னவர்கள் காத்மாண்டுவில் இருந்தவர்கள். ‘குவேக்மேப்’ என்ற தளத்தில் கூடாரம் இல்லை, அரிசி இல்லை என்று வந்த மக்களின் குரல்களை இடத்தோடு சேர்த்துப் பதிந்தார்கள். நேபாள ராணுவமும் நிவாரண அமைப்புகளும் அந்தத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு நகர்ந்தன.

இரண்டே ஆண்டுகளுக்குப் பிறகு, பல நாட்டு மாணவர்கள் அந்த நகரில் கூடினார்கள். ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க மாணவர் ஒருவருக்குப் பாடம் சொல்ல வாஷிங்டனிலிருந்துதான் ஆள் வர வேண்டும் என்பதில்லை என்று அந்த இடத்தேர்வே காட்டிவிட்டது. இந்தப் பயிற்சி எடுத்த முடிவுகளுள் சிறந்தது இதுவே என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான எண்ணம்.

பழகும் வேலை

ஃபெலோ ஒருவர் ஏற்கெனவே தன் கிளையில் வரைந்து பழகியவராக இருப்பார். செயற்கைக்கோள் படத்தின்மேல் கூரையின் விளிம்பைப் பிடித்துக் கட்டடம் வரைவது, சாலைக்குக் கோடு இழுப்பது, அவற்றுக்குக் குறிச்சொல் இடுவது எல்லாம் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளக்கூடியவை. உலாவியிலேயே இயங்கும் ‘ஐடி’ என்ற செயலி தொடக்கக்காரருக்கு. கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் ‘ஜோசம்’ தேர்ந்தவருக்கு. பெரிய நிலப்பரப்பை ஹாட்டின் ‘டாஸ்கிங் மேனேஜர்’ சிறு சதுரங்களாகப் பிரித்துத் தரும். ஒருவர் ஒரு சதுரத்தை எடுத்து வரைவார், இன்னொருவர் சரிபார்ப்பார்.

கடினம் தொடங்குவது சரிபார்ப்பில். மலை நாட்டில் செயற்கைக்கோள் படம் நிலத்தோடு சரியாகப் பொருந்தாது. சில மீட்டர் தள்ளியே விழும். தள்ளிய படத்தின்மேல் வரைந்தால் வீடு ஆற்றுக்குள் நிற்கும். ஓலைக் கூரையும் வைக்கோற்போரும் மேலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரியும். கோடையில் எடுத்த படத்தில் வண்டித்தடமாகத் தெரிவது மழைக்காலத்தில் ஓடையாக இருக்கும். வெளிநாட்டு மாணவர் நல்லெண்ணத்தோடு செய்யும் இப்படிப்பட்ட பிழை, ஆம்புலன்ஸ் ஓட்டுநரை இல்லாத சாலைக்கு அனுப்பிவிடும். இருபது வயது மாணவர் ஒருவர் முகம் தெரியாத தொடக்கக்காரரின் தவற்றைத் திருத்தி, அவர் மனம் நோகாமல் செய்தியும் அனுப்ப வேண்டும். தலைமை என்ற பெரிய சொல் நடைமுறையில் பாதி நேரம் இதுதான்.

அடுத்தது களம். மேலிருந்து பார்த்தால் கட்டடம் தெரியும். அது பள்ளியா, அரிசி ஆலையா, கைவிட்ட வீடா என்பது தெரியாது. அதற்கு நடக்க வேண்டும், கேட்க வேண்டும். பகுதியின் வரைபடத்தைத் தாளில் அச்சிட்டுப் பேனாவால் குறித்துவருவது ஒரு வழி. ‘கோபோ’ போன்ற படிவச் செயலியைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு வீடுவீடாகப் போவது இன்னொரு வழி. இணையம் இல்லாத இடத்திலும் படிவம் நிரம்பும். இணைப்புக் கிடைத்ததும் தரவு மேலேறும்.

களத்துக்குப் போகுமுன் தெளிவுபெற வேண்டிய ஒன்றுண்டு: எதை வரையக்கூடாது என்பது. பட்டா இல்லாத குடியிருப்பைத் துல்லியமாக வரைந்து உலகுக்குத் திறந்து வைத்தால், அதே வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு புல்டோசரும் வரலாம். மக்கள் சம்மதம் கேட்பது, வீட்டில் வாழ்பவர் பெயரைப் பொது வரைபடத்தில் ஏற்றாமலிருப்பது, பதிந்ததை அந்த மக்களுக்கே திருப்பிக் காட்டுவது ஆகியவை தொழில்நுட்பத்துக்கு ஒரு படி மேலான பாடங்கள்.

பெண் மாணவர்கள்

2010-ஐ ஒட்டிப் புதாதோகி நடத்திய ஆய்வில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைவோருள் பெண்கள் ஏறத்தாழ 3 விழுக்காடுதான் என்று தெரியவந்தது. வரைபடத்தில் எது இடம்பெறும் என்பதை வரைபவரின் அன்றாட வாழ்க்கை முடிவு செய்கிறது. குழந்தைகள் காப்பகம், மகப்பேறு மருத்துவமனை, விளக்கு இல்லாத தெரு, பெண்கள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை ஆகியவை முதலில் யார் கண்ணில் படும் என்று சொல்லத் தேவையில்லை. ‘லெட் கேர்ள்ஸ் மேப்’ என்ற இயக்கத்தை யூத்மேப்பர்ஸ் நடத்தியது இதற்காகத்தான்.

தமிழர் வாழும் இடங்களில்

காத்மாண்டுவில் நடந்த அதே ஓப்பன் சிட்டீஸ் திட்டம் இலங்கையின் மட்டக்களப்பிலும் நடந்தது. 2004 ஆழிப்பேரலையும் வெள்ளமும் சூறாவளியும் கண்ட மாவட்டம் அது. மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில் இலங்கை அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோடு சேர்ந்து சுமார் 30,000 கட்டடங்களைப் பதிந்தார்கள். தமிழ்நாட்டில் 2015 டிசம்பர் பெருவெள்ளத்தின்போது, நீர் தேங்கிய தெருக்களைச் சென்னை மக்கள் தாங்களே குறிக்கும் வரைபடம் ஒன்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தளமாகக் கொண்டு உருவானது. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பதை அந்தத் தெருவில் நின்றவர் சொல்ல, பார்த்தவர் வேறு வழியில் போனார்.

இந்தியாவில் வரைபடத் தரவு நெடுங்காலம் அரசு அனுமதிக்குக் கட்டுப்பட்டிருந்தது. 2021 பிப்ரவரியில் வந்த புதிய நெறிமுறைகள், இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றி வரைபடத் தரவைத் திரட்டவும் வெளியிடவும் வழிவிட்டன. ஆகவே இப்போது தடையாக நிற்பது பழக்கமின்மைதான்.

தற்போதைய நிலை

கிளை மாணவர்களின் அனுபவங்களையும் ஆய்வுகளையும் தொகுத்து, பட்ரீசியா சோலிசும் மார்செலா செபாயோசும் பதிப்பித்த நூலை 2023-இல் ஸ்பிரிங்கர் நிறுவனம் யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட்டது. பல நாட்டு மாணவர்களே அதில் கட்டுரை ஆசிரியர்கள். 2025 ஜூலையில் யுஎஸ்எய்டின் தனிச் செயல்பாடு முடிவுக்கு வந்து, எஞ்சிய பணிகள் அமெரிக்க வெளியுறவுத் துறைக்குள் சென்றன. பல நாட்டு இளைஞர்களை விமானமேற்றி ஓரிடத்தில் கூட்டும் பயிற்சிக்கு அரசுப் பணம் எவ்வளவு தேவை என்பதை நினைத்தால் இது பெரிய இழப்பு. ஆனால் வரைந்தது போகாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் உரிமம் எந்த நிறுவனமும் அதைப் பூட்டிவைக்க இடம் தருவதில்லை. மட்டக்களப்பின் கட்டடங்களும் கிபேராவின் சந்துகளும் இன்றும் அங்கே திறந்தே கிடக்கின்றன.

கல்லூரியில் புதிய கிளை தொடங்க, வழிகாட்டும் ஆசிரியர் ஒருவரும் ஆர்வமுள்ள சில மாணவர்களும் கணினிகளும் இணைய இணைப்பும் போதும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் தமிழ்ப் பெயர் இடத் தனிக் குறிச்சொல் உண்டு. இதைப் படிக்கும் கல்லூரி மாணவர்கள் ஒருமுறை தம் ஊரை அதில் தேடிப் பார்க்கட்டும். ஏரி, கண்மாய், சுகாதார நிலையம், வெள்ளத்தில் ஊர் ஒதுங்கும் பள்ளிக்கூடம் இவற்றில் எது விட்டுப்போயிருந்தாலும், அதைத் தமிழ்ப் பெயரோடு இன்றே சேர்க்கட்டும்.