பைக் உயரத்தைக் குறைச்சிட்டீங்களா? சைடு ஸ்டாண்டையும் கவனிங்க!

கால் தரையில் எட்டவில்லை என்று சஸ்பென்ஷனை இறக்கி, பைக்கின் உயரத்தைக் குறைப்பவர்கள் பலர். ஆனால் சைடு ஸ்டாண்ட் பழைய நீளத்திலேயே இருக்கும். அங்கேதான் சிக்கல். இடதுபக்கம் சாய்ந்து நின்ற வண்டி, இப்போது கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும். வலதுபக்கம் கொஞ்சம் சரிவாக இருந்தாலோ, யாராவது லேசாக உரசினாலோ போதும், மறுபக்கம் விழுந்துவிடும்.

எவ்வளவு குறைக்கணும்? முன்னும் பின்னும் 25 மி.மீ. இறக்கினால், ஸ்டாண்டிலும் ஏறக்குறைய அவ்வளவே. பின்பக்கம் மட்டும் இறக்கினால், அதைவிடக் குறைவு. ஏன்னா ஸ்டாண்ட் இருப்பது வண்டியின் நடுப்பகுதியில். ரொம்பக் குட்டையாக்கினால் வண்டி அதிகம் சாயும், நிமிர்த்தவே சிரமம்.

ஒரு எளிய வழி: இறக்கும் முன்பே வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, நம்பர் பிளேட் விளிம்பில் போனை வைத்து, லெவல் ஆப்பில் சாய்வுக் கோணத்தைக் குறிச்சுக்கோங்க. இறக்கிய பிறகு அதே கோணத்தில் ஒருவர் பிடிக்க, ஸ்டாண்ட் போல்ட்டிலிருந்து தரைவரை, ஸ்டாண்ட் நிற்கும் திசையிலேயே அளந்துடுங்க.

உங்க மாடலுக்கென்றே வரும் குட்டை ஸ்டாண்ட்தான் நல்லது. நீளம் மாற்றக்கூடியது வாங்கினால், லாக் போல்ட் அதிர்வில் தளர்கிறதா என்று அடிக்கடி பாருங்க. வெட்டி வெல்டிங் வைப்பது இரும்பு ஸ்டாண்டுக்கு மட்டும். உள்ளே கம்பி செருகி வைக்கச் சொல்லுங்க.

எதை மாட்டினாலும் ஸ்பிரிங் இறுக்கமா இருக்கணும். ஓடும்போது ஸ்டாண்ட் கீழே இறங்கினால், இடது வளைவில் தரையில் இடித்து வண்டியையே தூக்கிவிடும். இன்ஜினை ஆஃப் செய்யும் சென்சார் பொருந்தலைன்னு, அதைக் கழற்றி நேரடியா ஒயர் கொடுக்க மட்டும் சம்மதிக்காதீங்க.