விடுபட்ட இரண்டு மருந்துகள்: சுகாதாரத் துறையின் கோப்புகளை நாடாளுமன்றம் வாசித்த வரலாறு

இந்தியாவில் மருந்து ஒழுங்குமுறை கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அடைந்த மாற்றங்களை எழுதுவோர் பெரும்பாலும் உச்ச நீதிமன்றத்திலிருந்தே தொடங்குகிறார்கள். ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு 2012இல் பொதுநல வழக்குத் தொடுத்தது. மருந்துச் சோதனைகள் சுகாதாரச் செயலரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்று 2013 ஜனவரி 3 அன்று நீதிமன்றம் ஆணையிட்டது. அதே மாதம் 30ஆம் நாள் இழப்பீட்டு விதி அரசிதழில் வந்தது. மற்ற மாற்றங்கள் இவற்றைத் தொடர்ந்தன. இந்த வரலாற்றில் சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் 59ஆவது அறிக்கைக்குக் கிடைக்கும் இடம் ஓர் அடிக்குறிப்பு மட்டுமே. குழு கண்டித்தது, அரசு அசையவில்லை, நீதிமன்றம் அசைத்தது என்பது இதன் சாரம். இதை நீதிமன்ற வாசிப்பு என்று குறிக்கிறேன். இது காலவரிசையிலும் பொருளிலும் பிழையானது என்பது என் வாதம்.

முதலில் பொருள். நீதிமன்றத்தின் முன் இருந்தது சோதனைக்கு உட்படுத்தப்பட்டவர்களின் துயரம்: முறையான ஒப்புதல் பெறாமல் மருந்து கொடுக்கப்பட்டவர்கள், இறந்தவர்கள், இழப்பீடு கிடைக்காத குடும்பங்கள். 2012 மே 8 அன்று மாநிலங்களவையில் வைக்கப்பட்ட 59ஆவது அறிக்கை எடுத்துக்கொண்ட குற்றம் இதற்கு ஏறக்குறைய நேரெதிரானது. இந்திய நோயாளிகளிடம் சோதிக்கப்படாமலேயே மருந்துகள் விற்பனைக்கு வந்துவிட்டன என்பதே அதன் குற்றச்சாட்டு. ஒருபுறம் தவறாக நடந்த சோதனைகள், மறுபுறம் நடக்காமலே போன சோதனைகள். இரண்டையும் ஒரே ஓடையாகப் பார்த்தால், இரண்டாவதன் ஊற்று எது என்ற கேள்வியே எழாது. நீதிமன்ற வாசிப்பின் அடிப்படைக் குறை இதுதான்.

அடுத்தது காலவரிசை. இழப்பீட்டு விதியின் வரைவு 2011 நவம்பரிலேயே வெளியாகிவிட்டது. நீதிமன்றத்தின் பங்கு அதை விரைவுபடுத்தியது. நிலைக்குழு அறிக்கையின் மையப் புகார்களில் ஒன்று கூட்டு மருந்துகள் பற்றியது. மத்திய அனுமதி இல்லாமல் மாநில உரிம அதிகாரிகளே இவற்றுக்கு உரிமம் வழங்கி வந்தார்கள். மருந்துகள், அழகுப்பொருட்கள் சட்டத்தின் 33பி பிரிவு மாநிலங்களுக்குக் கட்டளையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. அந்தப் பிரிவின் கீழ் மாநிலங்களுக்கு ஆணை சென்ற நாள் 2012 அக்டோபர் 1. உச்ச நீதிமன்றத்தின் ஜனவரி ஆணைக்கு மூன்று மாதம் முந்தையது அது. கூட்டு மருந்துகளை ஆராய 2014இல் அமைந்த கோகாட்டே குழு, 2016 மார்ச் 10 அன்று 344 கூட்டு மருந்துகளுக்கு வந்த தடை, அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விஷயத்தை மருந்து தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்துக்கு அனுப்பியது, 2018 செப்டம்பரில் 328 மருந்துகளுக்கு மீண்டும் தடை என்று நீளும் வரிசைக்குத் தலைக்கண்ணி இந்த அக்டோபர் ஆணை. இந்த வரிசையில் நீதிமன்றங்கள் தடையை நிறுத்தவும் மறுபரிசீலிக்கவும் செய்தன. தொடக்கம் வேறிடத்தில் இருந்தது.

அந்த வேறிடத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும். 59ஆவது அறிக்கையில் ஓர் எண் இரு வடிவங்களில் வழங்குகிறது. 2008 ஜனவரி முதல் 2010 அக்டோபர் வரை இந்திய நோயாளிகளிடம் சோதனை இல்லாமல் அனுமதி பெற்ற புதிய மருந்துகள் எத்தனை? சிலர் 31 என்கிறார்கள், சிலர் 33 என்கிறார்கள். செய்தித்தாள்களும் இரண்டையும் எழுதின. அச்சுப்பிழை என்று கடந்துவிடத் தோன்றும். அறிக்கையில் அந்த இடத்தை வாசித்தால் விஷயம் விளங்கும். 31 என்பது சுகாதார அமைச்சகம் குழுவுக்குக் கொடுத்த எண்ணிக்கை. அந்தப் பட்டியலில் இரண்டு மருந்துகள் விடுபட்டுள்ளன என்று குழு சுட்டுகிறது: ஒன்று அடெமெத்தியோனின், மற்றொன்று பிரிகாபலினுடன் வேறு மருந்துகள் சேர்ந்த ஒரு கூட்டு மருந்து. இவற்றைச் சேர்த்து 33 என்று திருத்திக்கொண்டு மேலே செல்கிறது. முப்பத்து நான்கு மாதங்களில் 33 மருந்துகள் என்றால் மாதத்துக்குச் சற்றேறக்குறைய ஒன்று.

இந்த இரண்டு மருந்துகளின் வேறுபாட்டில்தான் நான் சொல்ல வந்த வரலாற்று மாற்றம் இருக்கிறது. துறை தந்த பட்டியலை ஒரு நாடாளுமன்றக் குழு அப்படியே ஏற்காமல், வேறு சான்றுகளோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 31 என்று எழுதுபவர் துறையின் கணக்கை எழுதுகிறார். 33 என்று எழுதுபவர் நாடாளுமன்றத்தின் திருத்தத்தை எழுதுகிறார்.

இதற்கு முன் மேற்பார்வையே இல்லை என்று சொல்வதற்கில்லை. மதிப்பீட்டுக் குழுவும் பொதுக் கணக்குக் குழுவும் செலவைப் பார்த்தன. கேள்வி நேரம் இருந்தது. புதிய மருந்துகளுக்கு அனுமதி வழங்கும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைமையகத்தில் அப்போது ஒன்பது அதிகாரிகள். அவர்கள் ஆண்டுக்கு சுமார் 20,000 விண்ணப்பங்களையும், இருநூறுக்கு மேற்பட்ட கூட்டங்களையும், 150 அளவிலான வழக்குகளையும், சுமார் 700 நாடாளுமன்றக் கேள்விகளையும் கையாள வேண்டியிருந்தது என்று 59ஆவது அறிக்கையே பதிவு செய்கிறது. ஆண்டுக்கு 700 கேள்விகள் கேட்ட அவைக்கு, சோதனையில்லாத அனுமதிகளின் முழு அளவு தெரியவரவில்லை. கேள்வி நேரம் துறையின் பதிலோடு முடிந்துவிடும். பதிலுக்குப் பின்னால் உள்ள கோப்பு அவைக்கு வராது. கோப்பு வரை சென்றவை அரசே அமைத்த குழுக்களும் நீதி விசாரணைகளும்தான்: 1975இல் ஹாத்தி குழு, மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 1986இல் கலப்பட கிளிசரால் 14 பேர் இறந்தபின் அமைந்த லெண்டின் ஆணையம், 2003இல் மஷேல்கர் குழு. இவை எதுவும் நாடாளுமன்றத்தின் கண்கள் அல்ல.

1993இல் துறைவாரி நிலைக்குழுக்கள் பிறந்தன. 2004இல் அவை 24 ஆக விரிந்தன. ஒவ்வொரு குழுவிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். மானியக் கோரிக்கை, மசோதா, ஆண்டறிக்கை, நீண்டகாலக் கொள்கை ஆவணம் ஆகியவற்றை இவை பரிசீலிக்கலாம். ஆனால் மாநிலங்களவை நடைமுறை விதி 270 ஒரு நிபந்தனையும் விதிக்கிறது: அமைச்சகங்களின் அன்றாட நிர்வாகத்தில் குழுக்கள் தலையிடக் கூடாது. ஒரு குறிப்பிட்ட மருந்துக்கு யார், எந்த நாளில், எந்த நிபுணரின் கடிதத்தை வைத்து அனுமதி கொடுத்தார் என்பதைவிட அன்றாடமான நிர்வாகம் எது? அப்படியிருக்க, 59ஆவது அறிக்கையைத் தந்த, பிரஜேஷ் பாட்டக் தலைமையிலான குழு எப்படி அங்கே நுழைந்தது?

குழு வகுத்துக்கொண்ட முறையே இதற்கு விடை என்று கருதுகிறேன். நேரடிச் சான்று மெலிந்த இடம் இது, ஆனாலும் வாதத்தை இங்கே விட்டுவிட மனமில்லை. குழு தனக்குப் புகார் வந்த மருந்துகளை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. 42 மருந்துகளை மாதிரியாகத் தேர்ந்தெடுத்துக் கோப்புகளைக் கேட்டது. தனியொரு கோப்பு அன்றாட நிர்வாகம். குலுக்கலில் எடுத்த 42 கோப்புகள் அமைப்பின் போக்குக்கான சான்று. நிபந்தனையை மீறாமல் அதன் எல்லையை விரித்த உத்தி இது. தணிக்கையாளர் கையாளும் மாதிரி முறையை நிலைக்குழு மருத்துவ நிர்வாகத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது.

அந்த மாதிரி காட்டியது என்ன? 42இல் மூன்று மருந்துகளின் கோப்புகள் கிடைக்கவில்லை என்று அமைச்சகம் சொன்னது: பெஃப்ளாக்சசின், லோமெஃப்ளாக்சசின், ஸ்பார்ஃப்ளாக்சசின். வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு நாட்களில் அனுமதி பெற்ற மூன்றும் சேர்ந்து தொலைந்தது தற்செயலா என்று குழு ஐயப்பட்டது. எஞ்சிய 39இல் 11 மருந்துகளுக்கு மூன்றாம் கட்டச் சோதனை நடக்கவில்லை. 25 மருந்துகளுக்கு மருத்துவ நிபுணர் கருத்தே பெறப்படவில்லை. 13 மருந்துகளுக்கு அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், ஆஸ்திரேலியா எதிலும் விற்பனை அனுமதி இருக்கவில்லை. நிபுணர் கருத்து பெறப்பட்ட இடங்களிலும் ஒரு கொடுமை. வெவ்வேறு ஊர்களில் இருந்த மருத்துவர்கள் எழுதிய பரிந்துரைக் கடிதங்கள் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தன. எழுதிய கை மருத்துவருடையதா, மருந்து நிறுவனத்துடையதா என்று குழு கேட்டது. நோய் தீர வேண்டும் என்று கடன் வாங்கி மருந்து வாங்குபவரின் நம்பிக்கை இப்படிப்பட்ட கடிதங்களின் மேல் நின்றது என்பதை எண்ணும்போது ஆத்திரம் வருகிறது.

காலவரிசையில் இன்னும் ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. நீதிமன்ற வாசிப்பை ஏற்காதவர்களும் 2012 மே மாதத்தையே தொடக்கமாகக் கொள்கிறார்கள். தொடக்கம் அதற்கும் முந்தையது என்பது என் ஊகம். அமைச்சகத்தின் பட்டியல் 2010 அக்டோபரில் முடிகிறது. குழுவுக்குப் பட்டியல் தயாரித்துக் கொடுத்த காலத்தை இந்த எல்லை காட்டுகிறது என்று கொண்டால், அறிக்கை வருவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே துறை கேள்விகளுக்கு உட்பட்டிருந்தது. அந்த இடைவெளியில் நிகழ்ந்தவற்றைப் பாருங்கள். 2011இல் புதிய மருந்துகளைப் பரிசீலிக்க 12 ஆலோசனைக் குழுக்கள் அமைந்தன. அதே ஆண்டு அக்டோபரில், மார்பகப் புற்றுநோய் மருந்தான லெட்ரோசோலைக் கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் பயன்படுத்தத் தடை வந்தது. விசாரணை நடக்கும்போதே துறை தன்னைத் திருத்தத் தொடங்கியது போலத் தெரிகிறது. லெட்ரோசோலுக்கு எதிராக மருத்துவ இதழ்களில் தனியே ஒரு போராட்டம் ஏற்கெனவே நடந்துவந்தது என்பதால் இந்த ஊகத்தை அதிகம் அழுத்த இயலாது. 2017இல் அந்தத் தடை விலக்கப்பட்டது. மருந்து பயனுள்ளதா என்ற கேள்வியும், அனுமதித்த முறை சரியா என்ற கேள்வியும் வேறு வேறு. குழுவின் வழக்கு இரண்டாவதைப் பற்றியது.

அறிக்கை வந்தபின் அமைச்சகம் செய்த முதல் காரியம், சோதனையில்லா அனுமதிகளுக்கு அறிவியல் அடிப்படை உண்டா என்று ஆராய வி.எம். கட்டோச், பி.என். டாண்டன், எஸ்.எஸ். அகர்வால் ஆகிய மூவர் குழுவை அமைத்தது. அரசு அசையவில்லை என்ற கூற்றுக்கு இதுவே போதுமான மறுப்பு. நிலைக்குழுவும் அத்தோடு விடவில்லை. 2013 ஏப்ரலில் 66ஆவது அறிக்கையாக அரசின் பதில்களை ஒவ்வொன்றாகப் பரிசீலித்தது. அந்த ஆகஸ்டில், அன்றைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்ட திட்டத்தைப் பற்றி 72ஆவது அறிக்கையில் எழுதியது. இதே திட்டம் பற்றிய கல்பனா மேத்தா வழக்கில் 2018 மே 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, நிலைக்குழு அறிக்கைகளை நீதிமன்றம் துணைச் சான்றாகக் கொள்ளலாம், ஆனால் அவற்றின் செல்லுபடியைக் கேள்விக்குள்ளாக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் சேகரித்ததை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் வழி இப்படி முறைப்பட்டது. நீதிமன்ற வாசிப்பு காட்டும் திசைக்கு இது எதிர்த்திசை.

மருந்துகள், அழகுப்பொருட்கள் விதிகளில் குழு அதிகம் சாடிய விதி 122ஏ என்ன ஆனது? பொதுநலன் கருதி, வெளிநாட்டுத் தரவுகளை வைத்தே உள்நாட்டுச் சோதனையைத் தவிர்க்க அனுமதி அதிகாரிக்கு அந்த விதி இடம் தந்தது. எது பொதுநலன் என்று விதி சொல்லவில்லை, கோப்பும் சொல்லவில்லை. 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் விலக்குக்கான நிபந்தனைகளை எழுதி வைத்தன. 2024 ஆகஸ்ட் 7 ஆணை, எந்தெந்த நாடுகளின் அனுமதியை ஏற்கலாம் என்று அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றைப் பெயரிட்டது. 59ஆவது அறிக்கை 13 மருந்துகளை அளந்தபோது கையாண்ட நாடுகளின் பட்டியலோடு இதை ஒப்பிட்டால், கூடியிருப்பது ஜப்பான் மட்டுமே. அறிக்கையிலிருந்து விதிக்கு நேர்க்கோடு இழுக்க இது போதாது. இத்தகைய பட்டியல்கள் உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

புதிய மருந்துகளைப் பரிசீலிக்கும் நிபுணர் குழுக்களின் கூட்டக் குறிப்புகள் இன்று பொதுவெளியில் கிடைக்கின்றன. 2021 ஜனவரியில் கோவேக்சின் தடுப்பூசிக்கு, மூன்றாம் கட்டச் சோதனையின் செயல்திறன் முடிவு வருவதற்கு முன், பொதுநலனையும் முன்னெச்சரிக்கையையும் காரணமாகக் காட்டி அனுமதி பரிந்துரைக்கப்பட்டது அந்தக் குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. கோப்பே தொலைந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். ஆனால் நிபுணர்கள் எந்தத் தரவை எப்படி எடைபோட்டு அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று 59ஆவது அறிக்கை கேட்ட கேள்விக்கு அந்தச் சில வரிகள் விடை தரவில்லை. அடுத்த நிலைக்குழு 42 கோப்புகளை மீண்டும் கேட்டால், இம்முறை அது தேட வேண்டியது அந்த விடையைத்தான்.